நோவிகிராட்டுக்கு நான் எழுதிய கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

இன்று செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை உனக்கும் இவானாவுக்கும் கல்யாணம். அம்மா தைக்கக் கொடுத்த சட்டையை எடுக்கப் போயிருக்கிறார். நான் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். தமிழில் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும் என்று தெரியும். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனதற்கு இப்படி ஒரு பலன் வரும் என்று நானும் நினைக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதலாம்தான். ஆனால் ஆங்கிலத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நல்ல மனிதனாகத் தெரிவேன். எனக்கு அதில் சொற்கள் குறைவு, அந்தக் குறைவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். இன்று ஒளிய எனக்கு உரிமை இல்லை.

போன ஞாயிறு நீ வந்து சோபாவில் கார்த் திறப்பை எறிந்துவிட்டுச் சொன்னது இன்னும் காதுக்குள் இருக்கிறது. "அப்பா, நோனோ வெடிங்குக்கு வரமாட்டாராம். முழங்கால் நோவாம். வீல்செயர் இருக்குத்தானே? தட்ஸ் நொட் த ரீசன். கறுவல் பெடியன் எண்டு அவருக்கு எங்களைப் பிடிக்கேல்லை. அவ்வளவுதான்." சொல்லும்போது உன் குரல் உடைந்தது. நான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு "ம்" என்றேன். மகன், என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் ஆகச் சின்னதும் ஆகக் கேவலமானதும் அந்த "ம்"தான். இவானாவின் தாத்தா வராமல் இருப்பதற்கு உன் நிறம் காரணமில்லை, முழங்காலும் காரணமில்லை. காரணம் நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் நீ இவானாவை முதன்முதலாக மெல்பேர்னில், ட்ருகனினாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தாய். அந்தப் பிள்ளை அம்மா வைத்த நண்டுக் கறியைக் கையால் சாப்பிட்டு, ஓட்டை உறிஞ்சி, மூக்கு வடிய வடிய இன்னும் கேட்டது. எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் உங்கள் கார் திருப்பத்தில் மறைந்ததும் நான் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "அவை என்ன ஆக்கள்?" அம்மா கோப்பை கழுவிக்கொண்டே, "வெள்ளைக்கார ஆக்கள். வேறை என்ன ஆக்கள் வேணும் உங்களுக்கு?" என்றார். "வெள்ளைக்காரரிலும் இருக்கும்" என்றேன். "விசர்க்கதை கதையாதேங்கோ" என்று அம்மா குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டார். அந்தப் பேச்சு அங்கே முடிந்திருக்க வேண்டும்.

உனக்கு விளங்காது என்பதால் சொல்கிறேன். மன்னாரில் எங்கள் சனத்துக்குள் கல்யாணப் பேச்சு வந்தால் முதலில் நடப்பது விசாரிப்பு. பெட்டை வீட்டுக்கோ பெடியன் வீட்டுக்கோ போய்க் கேட்க மாட்டார்கள், அந்த ஊர்ப் பங்குச் சுவாமியிடம், அதாவது பாதிரியாரிடம், போவார்கள். "நல்ல குடும்பமோ சுவாமி?" என்று ஒரு கேள்வி. சுவாமிக்குக் கேள்வி விளங்கும், அவர் இருமுகிற விதத்தில் கேட்டவருக்குப் பதிலும் விளங்கும். குணத்தையா கேட்கிறார்கள்? இல்லை. சாதியைக் கேட்கிறார்கள். எல்லோரும் ஒரே அப்பத்தில் பங்குள்ளவர்கள் என்று பூசையில் பாடிவிட்டு, பூசை முடிந்ததும் கோயில் வளவில் நின்று யார் எந்த ஆக்கள் என்று குசுகுசுக்கிற சனம் நாங்கள். கடல் தாண்டி வந்தோம், கப்பலில் பெட்டி தொலைந்தது, அந்தப் பழக்கம் மட்டும் தொலையவில்லை.

நோனோவை அதற்குப் பிறகுதான் சந்தித்தோம். இவானாவின் அம்மாவுடைய அப்பா, தொண்ணூறைத் தாண்டியவர், சென் அல்பன்ஸில் தன் பழைய வீட்டில் தனியே சமைத்துச் சாப்பிடுகிறவர். அவர்கள் ஊரில் தாத்தாவை நோனோ என்பார்களாம், முதல் நாளே எங்களையும் அப்படியே கூப்பிடச் சொன்னார். உனக்கு நினைவிருக்கும், சுவரில் இருந்த மணிக்கோபுரப் படத்தைக் காட்டி ஒரு மணித்தியாலம் பேசினார். "எங்கள் ஊரில் ஆயர் இருக்கிறார், பிஷப்" என்றார். "இருந்தார், நோனோ. அது போய் இருநூறு வருசம்" என்று இவானா திருத்தினாள். "ஆயர் போனாலும் ஆயரின் கோயில் எங்கே போகும்?" என்று அவர் மேசையில் தட்டினார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், ஆனால் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. வெள்ளைக்காரரென்றாலும் எங்களைப் போலக் கத்தோலிக்கர். அங்கேயும் பங்கு இருக்கும், சுவாமி இருப்பார், ஞானஸ்நான ஏடு இருக்கும். அப்படியென்றால் விசாரிக்கலாம்.

அன்றிலிருந்து நான் அந்த ஊரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். வேலையிலிருந்து ஓய்வு எடுத்தவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? ஏட்ரியாட்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன முனை, அதைச் சுற்றி மதில். குரோவேஷியர் நோவிகிராட் என்கிறார்கள், இத்தாலியர் சித்தானோவா என்கிறார்கள், இரண்டுக்கும் புது ஊர் என்றுதான் பொருளாம். ஊரோ ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழையது. வெனிஸ்காரர் ஐந்நூறு வருடம் ஆண்டு, உள்நாட்டுக் காட்டுக் கருவாலி மரங்களை ஆற்று வழியே இறக்கித் தங்கள் கப்பல்களுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு ஆஸ்திரியர், பிறகு இத்தாலி, பிறகு யூகோஸ்லாவியா, இப்போது குரோவேஷியா. இத்தனைக்கும் நடுவே அந்தச் சின்ன ஊருக்கென்று ஓர் ஆயர். காய்ச்சல் பரவிச் சனம் செத்து ஊர் வெறுமையான காலங்களில் ஆயர்களே அங்கே இருக்கப் பயந்து, உள்ளே மேட்டில் இருந்த ஊரில் போய் இருந்தார்களாம். வாசித்துவிட்டுத் தனியே சிரித்தேன், நானும் அப்படித்தான் செய்திருப்பேன். கடைசியில் ரோமாபுரி அந்த மறைமாவட்டம் தேவையில்லை என்று தீர்மானித்து, இருந்த ஆயர் கண்ணை மூடும்வரை காத்திருந்து, திரியெஸ்தாவோடு சேர்த்துவிட்டது. கோயிலுக்கு அடியில் புனிதர்களின் கல்லறைப் பேழை இருக்கிறது, கோயிலை விட்டுத் தள்ளி நிற்கும் கோபுரத்தின் உச்சியில் புனித பெலாஜியுஸ் நிற்கிறார், ஆயர் மட்டும் இல்லை.

உண்மையைச் சொன்னால், குற்றம் கண்டுபிடிக்க வாசித்தவனுக்கு அந்த ஊர் பிடித்துப்போனது. நான் பிறந்தபோது மன்னாருக்குத் தனி மறைமாவட்டம் கிடையாது, நாங்கள் யாழ்ப்பாண ஆயருக்குக் கீழே. நான் வளர்ந்த பிறகுதான் பிரித்துத் தந்தார்கள். எங்கள் சனம் அதைக் கொண்டாடியது எனக்கு நினைவிருக்கிறது. இருக்கிற ஆயரைப் பறிகொடுத்த சனத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்று முதன்முறையாக யோசித்தேன். அந்த இடத்திலாவது நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை. போனில் மொழிபெயர்த்து, குரோவேஷிய மொழியில், அந்த ஊர்ப் பங்குக்குக் கடிதம் எழுதினேன். மகனின் கல்யாண அலுவலுக்கு நோனோவின் ஞானஸ்நானப் பதிவு தேவை என்று எழுதினேன். பொய். பேத்தியின் கல்யாணத்துக்குத் தாத்தாவின் ஞானஸ்நானம் எந்தக் கோயிலிலும் கேட்க மாட்டார்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "அந்தக் குடும்பம் ஊரில் எப்படிப்பட்ட குடும்பமாகக் கருதப்பட்டது என்பதையும் தயவுசெய்து அறியத் தரவும்." கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான பதில். உயிரோடிருப்பவரின் பதிவு என்பதால் குடும்பத்தின் சம்மதம் வேண்டும், ஊரில் இருக்கும் அவருடைய உறவுக்காரப் பெண்ணிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்திருக்கிறோம் என்று இருந்தது. அதன் கீழே: "உங்கள் இரண்டாவது கேள்விக்கு: எங்களிடம் ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகிய மூன்றுக்கும்தான் ஏடுகள் உண்டு." வாசித்ததும் காது சுட்டது. பதிலை அழித்துவிட்டேன். அழித்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று நினைக்கிற வயதா எனக்கு?

ஐந்து கிழமைக்கு முன் நோனோ போன் எடுத்தார். "நாளைக்குக் காலமை வா. தனிய வா" என்றார். போனேன். கோப்பி போட்டு வைத்திருந்தார். மேசையில் என் கடிதம் கிடந்தது, உறவுக்காரப் பெண் தபாலில் அனுப்பியிருக்கிறார். கீழே என் கையெழுத்து, வால் நீட்டி, பெரிய மனிதர் போல. அவர் பேசியது ஆங்கிலத்தில். எனக்கு அது தமிழாகத்தான் நினைவில் நிற்கிறது.

"இதை எழுதினது நீயா?"

"ஓம்."

"கல்யாணத்துக்கு என்ரை ஞானஸ்நானம் என்னத்துக்கு? நானா மாப்பிள்ளை?"

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கடைசி வரியில் விரலை வைத்தார். "இதை எனக்கு விளங்கப்படுத்து." எங்கட பக்கத்து வழக்கம், பிழையாக நினைக்க வேண்டாம் என்று ஏதோ உளறினேன். "வழக்கமா?" என்றார். "எனக்கும் தெரியும் இந்த வழக்கம். எங்கட ஊரிலையும் வந்து கேட்டவங்கள்."

பிறகு சொன்னார். இத்தாலியின் ஆட்சியில் அவர்கள் குடும்பப் பெயரை இத்தாலியப் பெயராக மாற்றி எழுதினார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. உலகச் சண்டை முடிந்து ஆட்சி யூகோஸ்லாவியாவுக்கு மாறியதும், ஊரில் பலர் இத்தாலிக்குப் போக விண்ணப்பம் போட்டார்கள். இவருடைய அப்பாவும் போட்டார். வீட்டில் பேசியது இத்தாலியம்தான். அதிகாரிகள் கோயிலின் பழைய ஏட்டைப் பார்த்து, பூட்டனின் பெயர் இத்தாலியப் பெயர் இல்லை, நீங்கள் எங்கள் ஆக்கள், போக முடியாது என்றுவிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரர் போனார்கள், இவர்கள் நின்றார்கள். அப்பா இவரை மாமனோடு ஒரு மீன் வள்ளத்தில் ஏற்றி அனுப்பினார். அப்போது இவருக்குப் பதினாறு. திரியெஸ்தாவில் முகாம், பிறகு கப்பல், பிறகு இங்கே பொனகில்லாவில் முகாம். அப்பாவைப் பிறகு அவர் காணவே இல்லை.

"இவங்கள் என்ன சாதிச் சனம் எண்டு ஏட்டைத் திறந்து பாத்தவங்கள்" என்றார் நோனோ. "எழுபது வருசத்துக்குப் பிறகு திரும்பவும் அதே ஏட்டைத் திறக்கச் சொல்லி ஒருத்தன் எழுதியிருக்கிறான். யாரெண்டு பாத்தா, என்ரை மேசையில இருந்து சாப்பிட்டவன்."

நானும் மன்னாரிலிருந்து வள்ளத்தில் போனவன்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. அதைச் சொல்ல எனக்கு என்ன அருகதை? அப்போது அவர் கேட்டார்: "சரி, இப்ப நான் உன்ரை ஊர்க் கோயிலுக்கு எழுதினா எனக்கு என்ன பதில் வரும்?"

மகன், இந்தக் கேள்விக்கு நான் முப்பத்தைந்து வருடமாகப் பயந்துகொண்டிருக்கிறேன். நீ கேட்க வேண்டிய கேள்வி, ஒரு குரோவேஷியக் கிழவர் கேட்டார். உனக்குச் சொல்லியிருக்கும் ஊர் என் ஊர் இல்லை. அது எங்களுக்கு அடுத்த ஊர். மெல்பேர்னில் முதல் தமிழ்ப் பூசைக்குப் போன அன்று, தேத்தண்ணிக் கோப்பையோடு ஒருவர் கிட்ட வந்து, "மன்னாரிலை எவடம்?" என்று கேட்டார். அவர் கேட்ட விதம் எனக்கு விளங்கியது. வாயில் வந்தது அடுத்த ஊரின் பெயர். அவர் முகம் மலர்ந்தது, கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் குலுக்கலுக்காக நான் அந்தப் பெயரை இன்றுவரை வைத்திருக்கிறேன். அம்மாவையும் அதையே சொல்ல வைத்தேன்.

என் உண்மையான ஊர்க் கோயிலில் எங்கள் ஆட்களுக்கு உட்கார வாங்கு கிடையாது. பின்னுக்கு, பக்கக் கதவடியில்தான் நிற்க வேண்டும். திருவிழாவில் மாதாவின் சுரூபத்தைத் தோளில் காவ எங்களுக்கு விட மாட்டார்கள், பந்தல் போடவும் கிடங்கு வெட்டவும் மட்டும் கூப்பிடுவார்கள். என் அப்பா சாகும்வரை அந்தக் கதவடியில் நின்றார். நற்கருணைக்குக் கடைசியாகப் போவார். சின்ன வயதில் நான் அவரைப் பார்த்து வெட்கப்பட்டேன். வெட்கப்பட வேண்டியவர்கள் முன் வாங்கில் இருந்தவர்கள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்த பிறகு என்ன செய்தேன்? முன் வாங்குக்காரன் போல நடித்தேன்.

எங்கள் நாட்டுச் சண்டை முடிந்ததும் உன்னை ஊருக்குக் கூட்டிப்போனேனே, உனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு பெரிய கோயிலுக்குள் கூட்டிப்போய், ஞானஸ்நானத் தொட்டியைக் காட்டி, "இதிலைதான் அப்பாவுக்குத் தண்ணி ஊத்தினது" என்றேன். நீ அதில் கையை வைத்துக்கொண்டு நிற்கிற படம் எங்கள் வீட்டு நடையில் தொங்குகிறது. அந்தத் தொட்டி அடுத்த ஊருடையது. என் கோயில் அங்கிருந்து நடந்து போகிற தூரம். உன் தாத்தாவின் குழியும் அங்கேதான் இருக்கிறது. வெயில், களைப்பு என்று சாட்டுச் சொல்லி வான் வண்டியைத் திருப்பச் சொன்னேன். இப்போது அந்தப் படத்தைக் கல்யாண ஸ்லைட் ஷோவில் போடக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாய்.

இதையெல்லாம் நோனோவுக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? "நல்ல குடும்பம் எண்டுதான் வரும்" என்றேன். அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன். "அப்ப நீ அதிட்டக்காரன்" என்றார். கதவுவரை தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "கல்யாணத்துக்கு நான் வரேல்லை. கோயிலில உன்னை நேர பாத்துக்கொண்டு இருக்க என்னால ஏலாது. உன்ரை மகன் நல்ல பெடியன், அவனோட எனக்கு ஒரு கோவமும் இல்லை. பிள்ளையளுக்கு இது தெரிய வேண்டாம். முழங்கால் எண்டு சொல்லுவன்." பார்த்தாயா? எனக்காகப் பொய் சொன்னது அந்த மனிதர். நீ அவரை நிறம் பார்க்கிறவர் என்று ஏசியபோது, அந்தப் பழியையும் அவர் தலையில் போட்டுவிட்டு "ம்" என்றது நான். நிறம் பார்த்தது யார், குலம் பார்த்தது யார் என்று எனக்குத் தெரியும்.

நீ போன பிறகு அம்மா முன்னுக்கு வந்து நின்று, "ஏன் ம் எண்டனீங்கள்? உங்களுக்கு என்னவோ தெரியும்" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கதிரையில் இருந்துவிட்டார். "உங்கட ஊர்ப் பேரைச் சொல்லாமல் முப்பது வருசம் உங்களோட பொய் சொன்னன். இந்தப் பொய்யிலை நான் இல்லை. நீங்கள் சொல்லுறீங்களோ, நான் பிள்ளைக்குச் சொல்லட்டோ?" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். நானாக எழுதினேன் என்று பெருமைப்பட அதிலும் எனக்கு இடமில்லை.

கல்யாணத்துக்கு முன் மகனுக்குப் புத்தி சொல்வது அப்பாமாரின் வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இல்லை, ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நாளைக்கு உன் பிள்ளை யாரையாவது கையைப் பிடித்துக் கூட்டிவந்தால், முதல் கேள்வியாகச் சாப்பிட்டாயா என்று கேள். இரண்டாவது கேள்வி உன் வாயில் தானாக வரும், அது என்னிடமிருந்து வந்தது. அதை விழுங்கிவிடு. இவானாவிடம் இன்றே எல்லாவற்றையும் சொல், என்னைப் பற்றி எதையும் குறைத்துச் சொல்லாதே. அவள் என்னை மாமா என்று கூப்பிடுவதை நிறுத்தினால் அது நியாயம். அந்தப் படத்தை ஸ்லைட் ஷோவிலிருந்து எடுத்துவிடு. உனக்கு மனம் வந்தால் ஒரு நாள் இரண்டு பேருமாகப் போங்கள், சரியான கோயிலுக்கு. ஊரின் பெயரை மறுபக்கத்தில் எழுதியிருக்கிறேன். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு இன்றுதான் அதை எழுதுகிறேன்.

இதை உன் தபால் பெட்டியில் போட்டுவிட்டு நேரே சென் அல்பன்ஸுக்குப் போகிறேன். அவர் கதவைத் திறப்பாரோ தெரியாது. திறந்தால், அன்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வேன், எந்த ஊர், எந்தக் கதவடி என்று எல்லாம். திறக்காவிட்டால் வாசலில் நின்று சொல்வேன். மன்னிப்பாரா என்பது அவர் பாடு. சனிக்கிழமை அவர் வரவேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டும். அதனால் நீங்கள் இரண்டு பேரும் போய் அவரைக் கூப்பிடுங்கள், கூப்பிடும்போது இதையும் சொல்லுங்கள்: முன் வாங்கில் நான் இருக்க மாட்டேன், அவர் என்னை நேரே பார்க்க வேண்டி வராது. அம்மா முன்னுக்கு இருப்பார். இது நாடகம் என்று அம்மா ஏசுகிறார், இருக்கலாம். நீ பீடத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தால், பின்னுக்கு, பக்கக் கதவடியில் நான் நிற்பேன். எனக்காகக் கவலைப்படாதே. அங்கே எப்படி நிற்பது என்று எனக்குத் தெரியும், என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம் அது.

அப்பா